நீலம் தங்காத இடம்

எங்கள் பிரிவின் டொக்டர் அம்மா ஒருவருக்குப் ‘பெயின்ரர்’ என்று பட்டம். வைத்தவர் மயக்க மருந்து கொடுக்கும் ஐரிஷ்கார டொக்டர். யாரையாவது கேலி பண்ணிப் பகிடி விடாமல் அந்த மனிதருக்கு ஒரு நாள் போகாது. பட்டம் தன் காதுக்கு எட்டியபோது அந்த அம்மா கோபிக்கவில்லை. “பெயின்ட் அடிக்கிறவங்க சுவரை ஒழுங்காப் பாப்பாங்க. நல்ல பேருதான்” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

2009இல் அவர் எங்கள் மருத்துவமனையின் இன்னொரு கிளையிலிருந்து எங்களிடம் வந்தார். 2013 வரை அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தேன். மெல்பேர்னின் தென்கிழக்கில் ஒரு மருத்துவமனை. குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பிரிவு. நான் அங்கே நேர்ஸ். மகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லியில் குடியிருந்தோம். அவர் குடல் நிபுணர், மதுரைப் பக்கத்துப் பெண். ஐம்பதை நெருங்கும் வயது, சின்ன உருவம், கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி, சேலை கட்டினாலும் காலிலிருந்து கழற்றாத ஓட்டச் சப்பாத்து. பிரிவில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் மட்டும் என்னைச் ‘சிஸ்டர்’ என்பார். இங்கே இப்போது யாரும் நேர்ஸை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று ஒரு தடவை சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த நிமிடமே, “சிஸ்டர், அந்த நீலத்தைக் கொஞ்சம் கலக்கிடுறீங்களா?” என்றார்.

அந்த நீலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருங்குடலின் உள் சுவரில் சிலருக்குச் சின்னச் சின்னச் சதை முளைக்கும். பொலிப் என்போம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில மட்டும் வருடக்கணக்காக இருந்து புற்றுநோயாக மாறும். மாறுவதற்கு முன் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் ஆள் தப்பினார். காளான் மாதிரி எழும்பி நிற்கும் பொலிப்பை யாரும் காணலாம். தட்டையாக வளருகிறதுதான் ஆபத்து. குடலின் அதே இளஞ்சிவப்பு நிறத்தில், ஏதாவது ஒரு மடிப்புக்குப் பின்னால், சுவரோடு சுவராகப் படுத்திருக்கும். நல்ல கண்ணுள்ளவர்களும் தாண்டிப் போய்விடுவார்கள்.

அவர் கமராக் குழாயை வலதுபக்கக் குடலின் முடிவுவரை கொண்டுபோவார். பிறகு திரும்பி வெளியே வரும் வழியில், குழாய்க்குள்ளால் ஒரு மெல்லிய குழாயை விட்டு நீலச் சாயத்தைத் தெளிப்பார். நான் ஊசிக்குழாயில் நிரப்பிக் கொடுப்பேன். அவரோடு நின்ற முதல் நாள் நான் கமராத் திரையைப் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதுவரை நான் பார்த்த குடல் மொழுமொழுவென்று ஈரமாக, வெறும் சுவராக இருந்தது. நீலம் விழுந்ததும் அந்தச் சுவர் முழுக்கக் கோடுகள் எழுந்தன. வயலில் முதல் மழைத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக ஓடுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலெல்லாம் நீலம் போய்த் தங்கியது. ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்திருந்த ஒன்றை அன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று தோன்றியது. நான் சிறிஞ்சை அழுத்த மறந்து நின்றுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. “நல்லாப் பாத்துக்கோங்க சிஸ்டர். நீலம் எங்கே தங்கலையோ, அங்கதான் நம்ம வேலை” என்றார்.

நீலம் எங்கும் பட்டது. என் சீருடையில், தரையில், ஐரிஷ்காரரின் வெள்ளைச் சப்பாத்தில். நகக்கண்ணில் ஏறினால் சவர்க்காரத்துக்கும் போகாது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனேன். விபூதி வாங்க நீட்டிய என் விரல்களைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பிள்ளை, “என்ன அன்ரி, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறீங்களோ?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்னத்தைச் சொல்வது, சந்நிதியில் நின்று?

சாயம் தெளித்துப் பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும். மற்ற டொக்டர்மார் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்த பிறகும் எங்கள் அறைக் கதவு பூட்டியே இருக்கும். வெளியே நோயாளிகள் முதல் நாளிலிருந்து சாப்பிடாமல், பேதி மருந்து குடித்துக் களைத்துக் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் அவர் தெளிப்பதில்லை. குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர்கள், பல வருடமாகக் குடல் புண்ணோடு இருப்பவர்கள், அப்படி ஆபத்துக் கூடியவர்களுக்கு மட்டும்தான். ஆனாலும் பிரிவுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்தான். ஒருநாள் ஒரு நோயாளிக்கு முழுக்கத் தெளித்துப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் முடிந்தது. இவ்வளவு நேரமும் வீணாகப் போய்விட்டதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் குழாயைக் கழற்றிக் கழுவக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இருக்குன்னு சொல்ல ஒரு நொடி போதும், சிஸ்டர். இல்லைன்னு சொல்றதுக்குத்தான் நேரம் வேணும். அவர் அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போறார்ல?”

அதற்குப் பிறகு நான் அவருடைய அறையில் மணிக்கூட்டைப் பார்த்ததில்லை.

வெளியிலும் அவர் அப்படித்தான். டாண்டினோங் சந்தையில் ஒருதரம் அவரைக் கண்டேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம், அடிப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வியட்நாம்காரக் கடைக்காரி பொறுமையிழந்து ஏதோ சொல்ல, இவர் அவளிடம் ஒரு காயைத் திருப்பிக் காட்டினார். சின்ன ஓட்டை. கடைக்காரி அதை எடுத்து எறிந்துவிட்டு, அடுத்தமுறை இவர் வந்தபோது தானே பார்த்துப் பார்த்துப் பையில் போட்டாளாம். வீட்டில் மகன் இதனால் சண்டை பிடிப்பான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பயணம் புறப்பட்டு வாசல் தாண்டினால், எல்லாவற்றையும் ஒருதரம் திரும்பிப் பார்க்காமல் அம்மா காரில் ஏறமாட்டாள் என்று அவன் நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தானாம்.

இதெல்லாம் ஒரு ஆளின் குணம் என்று எடுத்துக்கொண்டு போயிருப்பேன். 2010இல் அவர் செய்த காரியம்தான் அவரை எனக்கு வேறு ஆளாக்கியது.

அந்த வருடத் தொடக்கத்தில் தன் சொந்த விடுமுறையில் ஜப்பானுக்குப் போய், சாயம் தெளித்துப் பார்ப்பதில் தேர்ந்த ஒருவரிடம் சில வாரங்கள் இருந்து வந்தார். அதற்கு முன்னும் தெளித்தவர்தான். ஆனால் அங்கேதான் தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்று தெரிந்தது என்றார். அங்கே ஒரு நோயாளியின் குடலைத் திரையில் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம். இவர் பொறுமையாகப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றாராம். பிறகு நீலத்தைத் தெளித்தார்களாம். இவர் சுத்தம் என்று சொன்ன இடத்தின் நடுவிலேயே அது இருந்ததாம்.

திரும்பி வருகிற விமானம் முழுக்க, சாயம் தெளிக்கத் தொடங்குவதற்கு முன், பழைய கிளையில் தான் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தாராம். வந்ததும் பிரிவுத் தலைவரிடம் போனார். தன்னிடம் வந்தவர்களில் ஆபத்துக் கூடிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களைத் திருப்பிக் கூப்பிட்டு மறுபடி பார்க்கப் போவதாகச் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். தலைவர் நல்ல மனிதர். ஆனால் பயந்துவிட்டார். யாருக்காவது இப்போது ஏதும் கண்டுபிடித்தால், முன்பு நீ தவறவிட்டாய் என்றுதானே அர்த்தம், வழக்குப் போடுவார்களே என்றார். அடுத்த சோதனை அவர்களுக்கு எப்படியும் சில வருடத்தில் வரும், அதுவரை பொறுக்கலாம் என்றார். இவர் குரலை உயர்த்தவில்லை. சில வருடம் பொறுக்கக்கூடியவர் யார், பொறுக்க முடியாதவர் யார் என்று நீங்கள் எனக்குச் சொன்னால் நான் பொறுக்கிறேன் என்றார். கடைசியில் தலைவர், சனிக்கிழமைகளில் அறை சும்மாதான் கிடக்கிறது என்றார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

சனிக்கிழமை வேலைக்கு நான் பெயரைக் கொடுத்தேன். ஐரிஷ்காரரும் கொடுத்தார், பகிடி விட ஆள் வேண்டாமா என்று காரணம் சொன்னார்.

ஒவ்வொருவருக்கும் அவரே தொலைபேசி எடுத்தார். வரவேற்பில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. “போன தடவை உங்களைப் பார்த்தவள் நான். இப்போது இன்னும் நன்றாகப் பார்க்கப் பழகியிருக்கிறேன். இன்னொரு தடவை வருவீர்களா?” என்று ஆங்கிலத்தில் அந்த மூன்று வசனத்தைத்தான் சொல்வார். சிலர் ஏசினார்கள். அந்தப் பேதி மருந்தை இன்னொரு முறை குடிக்க மாட்டேன் என்று ஒரு ட்ராம் ஓட்டுநர் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு மனைவி ஏசி அனுப்பி வந்தார். வந்தவர்களில் கூடுதலானவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஒரு வீட்டில் தொலைபேசியை மனைவி எடுத்தார். கணவர் போன வருடம் இறந்துவிட்டார் என்றார். குடல் புற்றுநோய்.

டொக்டர் ரிசீவரை வைத்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். பிறகு, “நேர்ல போகணும். கூட வர்றீங்களா சிஸ்டர்? தனியாப் போகக் கால் வரலை” என்றார். ஃப்ராங்க்ஸ்டன் பக்கத்தில் கடலுக்குக் கிட்ட ஒரு வீடு. நான்தான் கார் ஓட்டினேன். அந்தப் பெண்மணி எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: நான் உங்கள் கணவரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னேன், அப்போதே அது இருந்ததா என்று எனக்குத் தெரியாது, இருந்திருக்கலாம். அந்தப் பெண்மணி, இந்த நீலம் அன்றைக்கு இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரிந்திருக்கலாம் என்றார் டொக்டர். அந்தப் பெண்மணி எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வந்தோம்.

காருக்குள் ஏறியும் நான் சாவியைத் திருப்பவில்லை. இதோடு இவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“திங்கக்கிழமை அடுத்த ஆளுக்குப் போன் பண்ணணும்” என்றார்.

அடுத்த ஆள் எங்கள் ஊர்க்காரர், யாழ்ப்பாணத்தவர். டாண்டினோங்கில் மேசை, கட்டில் செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை. நாற்பது வயதும் ஆகவில்லை. தாயும் அண்ணனும் குடல் புற்றுநோயால் இளவயதில் ஊரிலேயே இறந்தவர்கள். அதனால்தான் முன்பும் வந்து சோதித்துக்கொண்டவர். அவரோடு தொலைபேசியில் தமிழிலேயே பேசினார் டொக்டர். மறுபக்கத்திலிருந்து, “இல்லையெண்டு சொன்னனீங்கள்தானே டொக்டர். பிறகேன் திருப்பிக் கூப்பிடுறியள்?” என்று கேட்டது எனக்கும் கேட்டது. ஏதோ கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறார்கள் என்று அந்தத் தம்பி பயந்துவிட்டார். அவருடைய யாழ்ப்பாணத் தமிழுக்கு இவருடைய மதுரைத் தமிழ் சரியாகப் போய்ச் சேரவில்லை. நான் வாங்கிப் பேசினேன். ஒளிக்கிறதுக்கு ஒன்றுமில்லை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ என்றேன்.

வந்தார். மயக்கத்தில் கிடத்தினோம். முதலில் சாயமில்லாமல் கடைசிவரை போய்ப் பார்த்தார் டொக்டர். நானும் திரையையே பார்த்தேன். அழகான, சுத்தமான குடல். ஒரு குறை சொல்ல முடியாது. ஐரிஷ்காரர்கூட, இவர் வீட்டுக்குப் போகலாம் என்றார். டொக்டர் இடது கையை என் பக்கம் நீட்டினார். நான் நீலத்தைக் கொடுத்தேன்.

வலதுபக்கக் குடலில், ஒரு மடிப்பின் பின்புறத்தில் நீலம் வழிந்து இறங்கியது. எல்லாக் கோடுகளும் வந்தன. நடுவில் ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் மட்டும் கோடுகள் இல்லை. நீலம் அதைச் சுற்றிக்கொண்டு போனது. கடலில் ஒரு தீவைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு கணத்துக்கு முன்னால் அந்த இடத்தில் எதுவுமே இருக்கவில்லை. நான் சத்தியம் பண்ணியிருப்பேன். ஐரிஷ்காரர் தன் கதிரையிலிருந்து எழுந்து வந்து திரைக்குக் கிட்ட நின்றார். அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. பிறகு ஒருநாளும் ‘பெயின்ரர்’ என்று சொல்லவும் இல்லை.

அதற்கு அடியில் மருந்து நீரை ஏற்றி, மேலே உப்ப வைத்து, கம்பி வளையத்தால் சுருக்கிட்டு வெட்டி எடுத்தார் டொக்டர். ஆய்வுகூட முடிவு வந்தது. புற்றுநோயாக மாறுவதற்குக் கடைசிப் படியில் இருந்திருக்கிறது, மாறவில்லை.

முடிவைச் சொல்லத் தம்பியைக் கூப்பிட்டபோது நானும் இருந்தேன். வெட்டி எடுத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை, ஆனால் வருடா வருடம் வர வேண்டும் என்றார் டொக்டர். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட ஆயத்தமாகிவிட்டார். இவர் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

“இதையும் சொல்லணும் தம்பி. போன தடவையே இது அங்க இருந்திருக்கும். நான் பாக்கலை.”

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் சொன்ன வழக்குக்கெல்லாம் இந்த ஒரு வசனம் போதுமே. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்து, “என்ரை தங்கச்சி சிட்னியிலை இருக்கிறாள். அவளையும் நீங்களே பாப்பீங்களோ டொக்டர்?” என்றார்.

தங்கச்சி அடுத்த வருடம் வந்தாள். ஒரு வயதுக் குழந்தையைத் தமையனிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய் இறந்த வயது அவளுக்கு இரண்டு வருடத்தில் வருகிறது என்று என் காதுக்குள் சொன்னாள். நாங்கள் பார்த்தவற்றிலேயே நீண்ட சோதனை அதுதான். ஒவ்வொரு மடிப்பையும் கழுவி, தெளித்து, படிய விட்டு, திரும்பவும் தெளித்தார். எதுவும் இருக்கவில்லை. அவள் விழித்ததும் அவரே கட்டிலுக்குக் கிட்டப் போய்ச் சொன்னார். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். தமையன் குழந்தையோடு வாசலில் நின்று, ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் தானும் அழுதார். டொக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், கீழே போகிற வாகனங்களைக் காட்டிக்கொண்டு நின்றார்.

2013இல் எனக்கு ஐம்பது நிறைந்தது. ஐம்பதில் இங்கே அரசாங்கம் தபாலில் அனுப்புகிற மலச் சோதனையைச் செய்தேன். இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தது. இது எத்தனையோ காரணத்தால் வரும், பயப்பட வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு உதவவில்லை. வீட்டில் மகளிடம்கூடச் சொல்லாமல் அவரிடம் போனேன். மறுநாளே வரச்சொன்னார்.

மயக்க மருந்து வேண்டாம் என்றேன். இவ்வளவு காலமும் மற்றவர்களுடையதைப் பார்த்தவள், என்னுடையதை நானே பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஐரிஷ்காரர் மருந்தோடு பக்கத்தில் இருந்தார், தேவைப்பட்டால் கொடுப்பதற்கு. இடப்பக்கம் சரிந்து படுத்தேன். நோவு இருந்தது, தாங்கக்கூடிய நோவு. திரையில் என் குடல் போய்க்கொண்டே இருந்தது. என்னிடம் இப்படியொரு இடம் இருக்கிறது என்றே நம்ப முடியவில்லை. பிறகு வேறொரு நேர்ஸ் கலக்கிக் கொடுக்க, டொக்டர் நீலம் தெளித்தார். எனக்குள்ளும் அந்தக் கோடுகள் எழுந்தன. ஒரு மடிப்பில் அரிசி அளவில் ஒரு பொலிப் இருந்தது. எடுத்தார். மீதி மடிப்புகள் விரிவதற்காக, மயக்கத்தில் கிடப்பவர்களை நாங்களே திருப்பிப் போடுவோம், என்னிடம் வாயால் சொன்னார்: மல்லாந்து படுங்கள்.

மல்லாந்ததும் எனக்கு நேர் மேலே அவருடைய முகம் இருந்தது.

நான்கு வருடமும் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். அவர் பார்க்கும்போது அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எதற்கும் அசையாதவர் என்றுதான் நினைத்திருந்தேன். தலைவருக்கும் வழக்குக்கும் பயப்படாதவர், அந்தப் பெண்மணி திறந்த கதவுக்கு வெளியே வந்து அடுத்த ஆளுக்குத் தொலைபேசி எடுத்தவர். இப்போது பார்க்கிறேன், கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் அகல விரிந்திருந்தன. மேலுதட்டில் வியர்வை. திருவிழாக் கூட்டத்தில் கைப்பிள்ளையைத் தவறவிட்ட தாய் ஒவ்வொரு முகமாகத் தேடுகிற மாதிரி, அவ்வளவு பயம் அந்த முகத்தில். எனக்காக மட்டும் வந்த பயம் அல்ல அது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஆளுக்கும், அந்த ட்ராம் ஓட்டுநருக்கும் அந்தத் தங்கச்சிக்கும், அவர் இப்படிப் பயந்து பயந்துதான் பார்த்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது.

நான் பார்ப்பதை உணர்ந்துவிட்டார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, “என் மூஞ்சியில என்ன இருக்கு? ஸ்கிரீனப் பாருங்க சிஸ்டர்” என்றார்.

நான் திரையைப் பார்க்கவில்லை.